நாற்காலி வியாதி

அவர் செத்துப்போன செய்தி வந்த மத்தியானம் நான் வழக்கத்தைவிட ஓர் அகப்பை சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன். பரிமாறியது என் அக்கா மகள் பவளம். "என்ன மாமா, இன்னைக்கு நல்லாப் பசிக்குதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். செத்தவரைப் பற்றிக் கெட்டதாகப் பேசக் கூடாது என்பார்கள். அவர் உயிரோடு இருந்தபோது நான் பேசியிருக்க வேண்டியதில் கால்வாசிகூடப் பேசவில்லை. அதனால் இப்போது பேசுகிறேன், யாரும் குறுக்கே வர வேண்டாம்.

அவர் பேரை எழுதப் போவதில்லை. எஸ்டேட்டில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது நான் போய் எழுதினால் அது ஒரு மரியாதை ஆகிவிடும். கம்பம்மெட்டிலிருந்து உடும்பஞ்சோலைப் பக்கம் ஏறிப் போகும் பாதையில் இருந்த ஏலத்தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் நாங்கள் வேலை பார்த்தது. அங்கே ஆஸ்பத்திரி என்று நாங்கள் சொன்ன ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதில் கம்பவுண்டர் அவர். டாக்டர் வருஷத்துக்கு ஒரு தடவை மழை விட்ட பிறகு வந்து துரை பங்களாவில் சாப்பிட்டுவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் எங்கள் உயிருக்குக் கம்பவுண்டர்தான் பொறுப்பு.

நான் தபால்காரன். வாரத்துக்கு மூன்று நாள் மலையிறங்கிக் கம்பத்துக்குப் போய்ப் பையை வாங்கிக்கொண்டு அன்றைக்கே ஏறி வருவேன். பையோடு சேர்த்து யார் யாருக்கோ கருவாடு, விளக்குத் திரி, கருப்பட்டி எல்லாம் முதுகில் ஏறும். கம்பவுண்டருக்கு மருந்துப் பெட்டி வரும். ஒன்பது வருஷம் அவர் மேசையில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். ஒரு நாளாவது "உக்காரு" என்று சொன்னதில்லை. உட்காரவும் அங்கே இடமில்லை. கொட்டகையில் இருந்த ஒரே நாற்காலியை அவர் நிரப்பியிருப்பார்.

பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர்ப் பக்கத்து ஆள். வாய்க்கு வாய் 'ங்க' போடும் ஊர்ப் பேச்சு. ஆனால் அவருடைய 'ங்க' குயினைனைவிடக் கஞ்சமாக அளக்கப்படும். துரைக்கும் பெரிய கிளார்க்குக்கும் தாராளமாக உண்டு. கங்காணிக்கு அன்றைய மனநிலையைப் பொறுத்து. கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து ஆட்களுக்குக் கிடையவே கிடையாது.

அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. இருந்தது என்று சாதாரணமாகச் சொல்லக் கூடாது. ஊரில் சிலர் யானை வைத்திருப்பதுபோல அவர் அதை வைத்திருந்தார். காலையில் கொட்டகை திறந்ததும் முதல் வேலை, ஜன்னலோரம் ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைப்பது. ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, தம்முடைய சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, இடுக்கியால் பிடித்துச் சுடவைப்பார். நீலம் கொதித்துப் பச்சையாகும், மஞ்சளாகும், கடைசியில் செங்கல் பொடியைக் கரைத்தாற்போல நிற்கும். சிவந்தால் சர்க்கரை உண்டு, நீலமாகவே நின்றால் இல்லை. உடனே கீழே வைத்துவிட மாட்டார். வாசலில் காய்ச்சலோடு வரிசையில் நிற்கிற சனம் முழுக்கப் பார்க்கும்படி வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்.

"பாத்தீங்களா" என்று அவர் சொன்னதில்லை. "பாத்துக்க" என்பார். "இது வரோணும்னா மூணு சங்கதி வேணும். நல்லாத் தின்னோணும். நல்லா உக்காரோணும். நல்லா யோசிக்கோணும். அப்பறம் அப்பன் பாட்டன் வழியில வரோணும். எங்க பாட்டன் நெய்யில கை கழுவுனவரு, தெரியுமா?"

மூன்று என்று ஆரம்பித்து எப்போதும் நான்கு சொல்லுவார். காய்ச்சலில் பல் அடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் தலையாட்டுவார்கள். ஆட்டாவிட்டால் மருந்து கசப்பாக வரும். எல்லா மருந்தும் கசப்புத்தான் என்றாலும்.

அக்கா ஒருத்திதான் ஒருநாள் வாயைத் திறந்தாள். ஏலக்காய் செடியின் அடித்தூரில், மண்ணை ஒட்டிக் காய்க்கும். குத்தவைத்து உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்துதான் எடுக்க வேண்டும். "ஏன் ஐயா, நாங்களும் காலையிலருந்து பொழுது சாயுற வரைக்கும் உக்காந்துதான காய் எடுக்குறோம்? எங்களுக்கும் வருமா?" என்று கேட்டாள். வரிசையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"குத்த வெச்சு உக்காந்தா அது உக்காருறதாக்கும்? நாக்காலியில உக்காரோணும் புள்ள. உங்களுக்கெல்லாம் காய்ச்ச வரும், வகுத்துல புழு வரும், சொறி வரும். இது வராது. இதுக்கு ஒரு யோக்கியதை வேணும்."

அன்றிலிருந்து லயத்தில் அதற்கு நாற்காலி வியாதி என்று பேராகிவிட்டது. பெண்கள் யாராவது கொஞ்ச நேரம் சும்மா இருந்தால், "ஏய், நாக்காலி வியாதி வந்துறப் போவுது, எந்திரி" என்று கேலி செய்வார்கள். அக்காவும் செய்தாள். அவள் குரல்தான் ஓங்கிக் கேட்கும்.

பெரிய கிளார்க் நல்ல பருமன். தொப்பை வளர வளர அவருக்குப் பயமும் வளர்ந்தது. மாதம் ஒருமுறை சிறுநீரைக் குப்பியில் அடைத்து, பேர் எழுதிய காகிதம் ஒட்டி, என்னிடம் கொடுத்து அனுப்புவார். கம்பவுண்டர் அதைப் பூஜைச் சாமானைப்போல வாங்குவார். ஒவ்வொரு மாதமும் சுடவைப்பார். ஒவ்வொரு மாதமும் நீலம் நீலமாகவே நிற்கும். அவர் முகம் வாடிப்போகும். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே வாடும். மலைமேல் தன் தகுதிக்கு ஒரு கூட்டாளி கிடைக்காத வருத்தம் அது. ஒரு தடவை பெரிய கிளார்க்கே நேரில் வந்தபோது, "இன்னும் ரெண்டு வருசம் பொறுங்க, உங்க ஒடம்புக்கு வராமப் போகாதுங்க" என்று ஆறுதல் சொன்னார். அந்த மனிதர் வெலவெலத்துப் போய்விட்டார்.

நான் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துப் பார்த்து எட்டுச் சொட்டும் இடுக்கியும் கொதியும் எனக்கு மனப்பாடம் ஆயின.

இனி அக்காவைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இந்த ஆளைச் சொல்ல முடியாது.

அக்காவின் மூன்றாவது பிள்ளை பவளம். பிறந்தபோது அவ்வளவு பெரிய பிள்ளையை லயத்தில் யாரும் பார்த்ததில்லை. ஏலக்காய் ஸ்டோர்த் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு ஆட்கள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள். கம்பவுண்டர் வந்து பார்த்து, "எல்லாம் என்ற டானிக்கு" என்றார். அவர் அவளுக்கு டானிக் எதுவும் கொடுத்திருக்கவில்லை. நான்காவது பிள்ளை அதைவிடப் பெரிது. இரண்டு நாள் வலியெடுத்து, பிறந்தபோதே மூச்சில்லை.

அதற்குப் பிறகு அக்கா இளைக்க ஆரம்பித்தாள். ஆனால் கஞ்சி மட்டும் இரண்டு ஆள் அளவு குடிப்பாள். தாகமென்றால் அப்படி ஒரு தாகம். காட்டில் ஓடை கண்ட இடத்திலெல்லாம் குனிந்து குடிப்பாள். அடிக்கடி ஒதுங்கப் போவாள், ராத்திரியிலும் மழையில் எழுந்து போவாள். போகிற வழியில் அட்டை ஏறும். மலையில் அட்டை கடிக்காத கால் கிடையாது, எங்களுக்கெல்லாம் மூன்றாம் நாள் தழும்பு காய்ந்துவிடும். அக்காவின் வலது கட்டைவிரலில் கடித்த வாய் காயவில்லை. ஒரு மாதம் போயிற்று, அது நெல்லிக்காய் அளவுக்குக் குழியானது.

கூட்டிக்கொண்டு போனேன். கம்பவுண்டர் நாற்காலியை விட்டு எழாமலே எட்டிப் பார்த்தார்.

"அட்டைக்கடி."

"ரொம்பத் தாகம் எடுக்குதுங்குறா ஐயா. மேலு உருகிப் போச்சு. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் வந்துச்சு. கால் விரல் அழுகித்தான் செத்தாரு. அவரு ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு மொய்க்கும். இவளுக்கும் மொய்க்குது. நீங்க சொல்லுவீங்களே, அப்பன் வழியில வரும்னு..."

"அப்பன் வழியா?" என்று சிரித்தார். "உங்கொப்பன் உங்களுக்கு என்னத்தை எழுதி வெச்சுட்டுப் போனான், இதை எழுதி வெக்கிறதுக்கு? எறும்பு எங்கயும்தான் வரும். சத்தில்லாத ஒடம்பு. தெனம் கருப்பட்டி தின்னச் சொல்லு, ரத்தம் ஊறும்."

"அந்த நீல மருந்துல ஒருக்கா..."

"அது என்ன, லயத்துல கொண்டாந்து ஊத்துறதுக்கு ஓடைத் தண்ணியா? போ, அக்கட்டால."

கருப்பட்டி தின்னச் சொன்னார். அவர் மேசையில் இருந்த காப்பி சர்க்கரை போடாதது. ஒன்பது வருஷமாக அதைப் பார்த்திருக்கிறேன். தனக்கு விஷம் என்று தள்ளிவைத்ததை அவளுக்கு மருந்து என்று சொன்னார். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. உறைக்காமல், கம்பத்திலிருந்து வாரம் மூன்று நாளும் கருப்பட்டி சுமந்தேன். லயத்துப் பெண்களும் சும்மா இருக்கவில்லை. மெலிந்தவளைத் தேற்ற எங்கள் சனத்துக்குத் தெரிந்த ஒரே வழி இனிப்பு. பிள்ளைக்கு வைத்திருந்ததை, விருந்துக்கு வைத்திருந்ததை, ஆளுக்கு ஒரு துண்டு உடைத்துக்கொண்டு வந்து அவள் கையில் வைத்தார்கள். அக்கா நன்றியோடு தின்றாள். நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து அவளைக் கொன்றுகொண்டிருந்தோம். எங்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மழை முடிகிற சமயம் குழி எலும்பைத் தொட்டுவிட்டது. கம்பத்து ஆஸ்பத்திரிக்கு இறக்கலாம் என்று மச்சானும் நானும் முடிவு பண்ணினோம். அதற்குத் துண்டு வேண்டும். எஸ்டேட்டை விட்டு ஆள் வெளியே போகக் கம்பவுண்டர் எழுதிக் கொடுக்கிற சீட்டு அது. அது இல்லாமல் இறங்கினால் ஓடிப்போனவன் கணக்குத்தான். வேலையும் போகும், லயத்து அறையும் போகும், திரும்பி வந்தால் பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டும். கேட்டேன். "அட்டைக்கடிக்குத் துண்டா? நாளைக்கு மூக்குச் சளிக்குக் கேப்பீங்க" என்றார்.

அந்த வாரம் பெரிய கிளார்க்கின் குப்பி வந்தது.

வழியில் ஓடைக்கரையில் அதைக் கவிழ்த்தேன். நன்றாக அலசினேன். லயத்துக்குப் போய் அக்காவிடம் குப்பியைக் கொடுத்து, "இதுல கொஞ்சம் புடிச்சுக் குடு" என்றேன். ஏன் என்று கேட்டாள். கேட்காதே என்றேன். ஒட்டியிருந்த காகிதம் நனையாமல் பார்த்துக்கொண்டேன். நான் அதற்கு முன்னும் பின்னும் யாரையும் ஏமாற்றியதில்லை.

வழக்கம்போலக் குப்பியைக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் நின்றேன். விளக்கு எரிந்தது. எட்டுச் சொட்டு. இரண்டு கொதிக்குள் நீலம் போன இடம் தெரியவில்லை. பச்சையில்கூட நிற்கவில்லை. அடித்துக்கொண்டு வந்தது சிவப்பு.

அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அட! அட அட! பெரிய கிளார்க்குக்கு வந்திருச்சு!" முகமெல்லாம் பல். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று சொல்வதுபோலச் சொன்னார். "நாஞ் சொன்னேனல்லோ, வராமப் போகாதுன்னு! நீ போய்ச் சொல்லாத. நானே வந்து சொல்றேன்."

"நல்லாத் தெரியுதா ஐயா?"

"குருடனுக்குத் தெரியும். எனக்கு வர்றதைவிடச் செவப்பு."

"மருந்து தப்பாச் சொல்லாதுல்ல?"

"இந்த மருந்து பொய் சொல்லாது. மனுசன் சொல்லுவான், மருந்து சொல்லாது."

"ஐயா, அது எங்க அக்காவோடது."

அவர் குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி குழாயைப் பார்த்தார். நான் அந்த முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு கணம் உண்மை வந்துவிட்டுப் போனது. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். பிறகு ஜன்னல் வழியாக, என் காலடியில், குழாயைக் கவிழ்த்தார்.

"மருந்து கெட்டுப்போச்சு" என்றார்.

"இப்பத்தான ஐயா பொய் சொல்லாதுன்னீங்க?"

"புட்டியில ஈரம் எறங்கிருக்கு. கெட்ட மருந்து அப்பிடித்தான் செவக்கும்."

"துண்டாவது எழுதுங்க. உங்க கால்ல விழுறேன்."

விழுந்தேன். ஜன்னலைச் சுற்றி உள்ளே போய் விழுந்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டு, நான் பெரிய கிளார்க்கின் குப்பியில் கூலிக்காரியின் மூத்திரத்தை ஊற்றினேன் என்று அங்கேயே உட்கார்ந்து புகார் எழுத ஆரம்பித்தார். துண்டு எழுதக் காகிதமில்லாத மேசையில் அதற்குக் காகிதம் இருந்தது. மறுநாள் அவருடைய காலைச் சோதனைக்கு அதே புட்டியிலிருந்துதான் மருந்தை எடுத்தார். வாசலில் நின்றவர்கள் சொன்னார்கள்.

என் தபால் வேலை போயிற்று. ஏலக்காட்டில் களை வெட்ட விட்டார்கள். அக்காவுக்குக் கருப்பட்டியை அன்றே நிறுத்தினேன். அவளோ மருந்தைப் பிடுங்கிக்கொண்டதாக நினைத்து அழுதாள். மச்சான் அறையையும் பிள்ளைகளையும் நினைத்து எட்டு நாள் தயங்கினார்; அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஒன்பதாம் நாள் அக்காவின் மூச்சில் பழுத்த பழ வாசனை வந்தது. பக்கத்து அறைப் பெண் அதைச் சாமி வாசனை என்றாள்; சர்க்கரை முற்றினால் மூச்சில் வருவது அது என்று பின்னால்தான் தெரிந்தது. அதற்கு மேல் நாங்கள் துண்டுக்குக் காத்திருக்கவில்லை. கம்பளியில் தூளி கட்டி, மூங்கிலில் கோர்த்து, ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு இறங்கினோம்.

மலைப்பாதையில் மூன்று ஓடைகள் உண்டு. மூன்றிலும் தண்ணீர் கேட்டாள், மூன்றிலும் கொடுத்தோம். மூன்றாவது ஓடையில், கீழே கம்பத்து வயல் பச்சையாகத் தெரிகிற இடத்தில், என் பக்கம் திரும்பி, "தம்பி, கருப்பட்டி கொண்டாந்தியா?" என்றாள்.

"இல்லக்கா."

"மறந்துட்டியா?"

"ஆமா" என்றேன். அதுதான் எங்கள் கடைசிப் பேச்சு. தம்பி மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

இதை எழுதி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். சரி.

துண்டில்லாமல் இறங்கியதற்கு, சாவு விழுந்த வீடு என்று கங்காணி பேசி, கூலிப் பிடித்தத்தோடு எங்களை விட்டார்கள். ஆறு வருஷம் கழித்து அவருடைய கால் கறுத்தது. எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. பூட்ஸுக்குள் மறைத்து வைத்திருந்திருக்கிறார். நாற்றம் கொட்டகையைத் தாண்டி வந்த பிறகுதான் பெரிய கிளார்க் கட்டாயப்படுத்தி இறக்கச் சொன்னார். அவருக்குத் துண்டு தேவைப்படவில்லை. நாற்காலியோடு அவரைக் கட்டித் தூக்க நான்கு ஆள் கேட்டார்கள். கங்காணி என்னையும் சேர்த்து அனுப்பினார். நான் வர மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் எடை எவ்வளவு என்று என் தோளுக்குத் தெரிய வேண்டும்போல் இருந்தது.

மூன்றாவது ஓடையில் அவருக்கும் தாகம் எடுத்தது. கொடுத்தேன். கையில் ஏந்தித்தான் கொடுத்தேன்.

கம்பத்தில் டாக்டர் மதுரையில் படித்துவிட்டு வந்த சின்ன வயதுக்காரர். கட்டைப் பிரித்துப் பார்த்ததும், "எத்தனை வருஷமா சர்க்கரை?" என்றார். கம்பவுண்டருக்கு டாக்டர் மேசையில் இருந்த ரம்பம் தெரிந்தது. சர்க்கரைக் காலுக்கு என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

"சக்கரை கிக்கரை ஒண்ணும் இல்லீங்க டாக்டர்" என்றார். குரல் கீச்சென்று வந்தது. "அட்டைக்கடிங்க. மலையில எல்லாத்துக்கும் வர்றதுதானுங்க. மருந்து வெச்சுக் கட்டி விட்டா ஆறிருமுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க. அட்டைதானுங்களே?"

அந்த 'ங்க'தான் எனக்கு அவர் கொடுத்தது. அவ்வளவு வருஷத்தில் ஒரே நாள்.

ஆமாம், அட்டைதான் என்று நான் சொல்லியிருந்தால் கட்டிவிட்டு அனுப்பியிருப்பார்களோ என்னவோ. நாங்களே தூக்கிக்கொண்டு ஏறியிருப்போம். அவர் தம்முடைய நாற்காலியிலேயே மேலேறி வந்து அழுகியிருப்பார். அதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாக யோசித்தேன். வாய் திறந்தும் விட்டேன். ஆனால் அந்தச் சொல் வரவில்லை. அக்காவைக் கொன்ற சொல் அது. என் வாயில் அது எப்படி வரும்? மற்றபடி நான் நல்லவன் என்றெல்லாம் யாரும் நினைக்க வேண்டாம்.

"சர்க்கரைதான் சார். தெனமும் காலையில அவரே சோதிச்சு எங்களுக்கெல்லாம் காட்டுவாரு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

காலை எடுக்க மதுரைக்கு அனுப்ப ஏற்பாடு பண்ணிவிட்டு, டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அப்பாவைச் சொன்னேன், அக்காவைச் சொன்னேன், கம்பவுண்டரின் மூன்று சங்கதியையும் நான்காவதையும் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"அந்தாளு சொன்னது முழுக்கப் பொய் இல்லப்பா. உக்காந்தே இருக்குறவனுக்கு வரும், தடிச்சவனுக்கு வரும், அப்பா அம்மாவுக்கு இருந்தா வரும். ஆனா ஒழைக்கிறவனுக்கு வராதுன்னு எந்தப் புஸ்தகத்துலயும் எழுதலை. அப்பன் ரத்தத்துல குடுக்குறது சொத்து இருக்கா இல்லையான்னு பாத்துக் குடுக்குறதில்ல." பிறகு, "உங்க அக்காவுக்குப் புள்ளைக ரொம்பப் பெருசாப் பொறந்துச்சா?" என்று அவரே கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தராசில் வைத்ததைச் சொன்னேன். "அப்படி ரெண்டு பேரை நான் பாத்துருக்கேன்" என்றார். "அந்தப் பொண்ணு இருக்காளா? வருஷம் ஒரு தடவை சோதிச்சுப் பாரு. அதுக்கு ஒண்ணும் கம்பம் வரைக்கும் வர வேணாம், உங்க எஸ்டேட்டுலயே மருந்து இருக்குமே."

மருந்து இருந்தது. அதைக் காத்துக்கொண்டு அவரும் திரும்பி வந்தார். ஒரு கால் போனதில் மனுஷன் இளைத்துத் திருந்தியிருப்பார் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். யோக்கியதை இன்னும் கூடித்தான் வந்திருந்தது. "சாதாரண வியாதியில்ல, ஒரு காலையே கேட்டு வாங்குன வியாதியாக்கும்" என்று வாசலில் நிற்கிற சனத்திடம் கக்கத்துக் கட்டையைத் தட்டிச் சொன்னார். லயத்துப் பெண்கள் புண்ணோடு வந்தால் இப்போதும் அட்டைக்கடிதான்.

பவளத்துக்குப் பதினோரு வயதில் காலில் ஒரு கடி பத்து நாள் ஆகியும் காயவில்லை. தண்ணீர் நிறையக் குடிக்கிறாளோ என்று எனக்குத் தோன்றியது. தோன்றிய பிறகு அவள் செம்பைத் தொடும் தடவைகளை எண்ண ஆரம்பித்தேன். ஒரு சிறு குப்பியோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "அட்டைக்கடி."

நான் சுவரோரம் சாத்தியிருந்த கக்கத்துக் கட்டையை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தேன். பிறகு அலமாரியைத் திறந்தேன்.

"ஏய்! அதைத் தொடாத! டேய்!"

நாற்காலியிலிருந்து அவரால் எழ முடியவில்லை. அவருடைய அந்த நாற்காலி. நான் ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தேன். குழாயில் நீல மருந்தை ஊற்றினேன். பவளத்தின் குப்பியிலிருந்து எட்டுச் சொட்டு, எண்ணி எண்ணி விட்டேன். அவர் கத்திக்கொண்டே இருந்தார். துரையிடம் சொல்வேன், கங்காணியிடம் சொல்வேன், லயத்தைக் காலி பண்ண வைப்பேன் என்று. கொதி வந்ததும் அவரும் சும்மா ஆகிவிட்டார். என்ன இருந்தாலும் பழக்கம் விடவில்லை. கழுத்தை நீட்டிக் குழாயையே பார்த்தார். நானும் பார்த்தேன். பவளம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஒரு கொதி. இரண்டு. அக்காவுடையது இதற்குள் சிவந்துவிட்டது. மூன்று. இறக்கி, ஆறவைத்து, மறுபடி சுடவைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன், அவர் பிடிக்கிற மாதிரியே. நீலம் நீலமாக நின்றது.

விளக்கை அணைத்துவிட்டுப் பவளத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பாத்தியா?" என்றார் அவர். சத்தமெல்லாம் போய், முகத்தில் பழைய சிரிப்பு வந்திருந்தது. "நாந்தான் அன்னைக்கே சொன்னேனல்லோ. உங்களுக்கெல்லாம் இது வராது. என்ன, நாஞ் சொன்னது நெசம்தானே?"

அந்த ஆள் சொல்வது உண்மையாக இருக்கட்டும் என்று குலசாமி முதல் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டுதான் நான் அந்தக் குழாயைச் சுடவைத்திருந்தேன். அவரும் பதிலுக்காகக் காத்திருந்தார். பவளத்தின் கை என் கையில் இருந்தது.

"ஆமாங்க ஐயா" என்றேன்.

சந்தோஷமாகத்தான் சொன்னேன். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.